சொத்தில்லாத உயிலும் நீடாமங்கலம் கேட்டும்

இங்க நியூஜெர்சியில ஸ்கூல் மூடுறதுக்கு ஜூன் மூணாவது வாரம் ஆயிடும். மூடுறதுக்கு முன்னாடி சீனியருங்க, அதாவது நம்மூரு பன்னெண்டாவது, ஸ்கூல் பத்திரிகையோட கடைசி இதழ்ல ஆளாளுக்கு ஒரு உயில் எழுதுவாங்க. நெசமான உயில் இல்லீங்க, எல்லாம் கிண்டல். ஒரு வருஷமா சண்டை போட்டு புடிச்சு வச்ச பார்க்கிங் எடத்த பதினொண்ணாவது படிக்கிற இன்னாருக்கு எழுதி வைக்கிறேன், கார் மட்டும் அவனே வாங்கிக்கணும். ஜிம் பின்பக்கம் ஃபோன் சிக்னல் கெடைக்கிற அந்த ஒரே மூலைய என் தங்கச்சிக்குத் தர்றேன், அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுனா மட்டும். இப்படியே ரெண்டு மூணு பக்கம் போகும்.

எங்க மக 2025 பேட்ச். அவ எழுதுனத மன்னார்குடி பக்கம் கிராமத்துல இருக்குற எங்கம்மாவுக்கு வீடியோ கால்ல படிச்சுக் காட்டுனா. உயில்னு காதுல விழுந்ததுமே அம்மா, "ஏண்டி, பதினெட்டு வயசுப் புள்ள உயில் எழுதுறதா, அச்சானியமா இருக்கு, மொதல்ல அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போடச் சொல்லு"ன்னு என்னைய புடிச்சு ஏற ஆரமிச்சுட்டாங்க. அப்பறம் இவ பொறுமையா, இல்ல அம்மாச்சி, நான் பேண்ட் ரூம்ல உக்கார்ற ஆடுற நாக்காலியையும் அது ஆடாம இருக்க காலுக்கடியில சொருகுற மடிச்ச பேப்பரையும் (அது கெமிஸ்ட்ரி பேப்பர், மார்க் அறுவத்தொண்ணு, அதனாலதான் மடிச்சது) அடுத்த வருஷம் வாசிக்க வர்ற பொண்ணுக்கு எழுதி வச்சிருக்கேன்னு வெளக்குனா. அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் சிரிச்சாங்க பாருங்க, பல்லு செட்டு கழண்டுரும் போல. "சொத்தே இல்லாம உயிலா? நம்மூட்டுல ஏழு மா நெலத்துக்கு உயில் இல்லாம உங்க தாத்தாவும் சின்னத் தாத்தாவும் மன்னார்குடி கோர்ட்டுக்கு நடந்தே செருப்பத் தேச்சாங்க. அவங்க எழுத வேண்டியத நீ எழுதிட்ட போ."

இந்த ஊரு பழக்கவழக்கம் எல்லாம் எனக்கு ஸ்கூல் வழியாத்தான் தெரிஞ்சது. நாங்க வந்து எறங்குனப்ப நல்ல பனிக்காலம், டிபெண்டன்ட் விசா, எனக்கு வேலை பாக்க அனுமதி இல்ல, காரு ஓட்டத் தெரியாது, எடிசன்ல ஓக் ட்ரீ ரோட்டுல முருங்கக்காயும் புழுங்கரிசியும் கெடைக்குதுங்கிறதே எனக்குப் பெரிய ஆறுதலா இருந்த காலம். 2015-ல, கிரீன் கார்டு வரிசையில ஐ-140 (கம்பெனி போடுற கிரீன் கார்டு மனு) அப்ரூவ் ஆனவங்களோட ஹெச்-4 வூட்டுக்காரிங்களும், அதான் அந்த டிபெண்டன்ட் விசாவுல இருக்குறவங்களும், வேலை பாக்கலாம்னு விதி மாறுச்சு. நான் எம்.காம். படிச்சவ, ஆனா கடைசில சேந்தது ஹைஸ்கூல் லஞ்ச் கவுண்டர்ல. ஊர்ல யாருக்கும் இத இன்னும் சரியா சொல்லல, "ஸ்கூல்ல இருக்கேன்"னு சொன்னா டீச்சர்னு அவங்களே முடிவு பண்ணிக்கிறாங்க, நானும் மறுக்கறதில்ல.

ஆனா அந்தக் கவுண்டர்ல நின்னாத்தான் சீனியருங்க எப்படி சீனியர் ஆகுறாங்கன்னு தெரியும். செப்டம்பர்ல காலேஜ் அப்ளிகேஷன் பயத்துல மூஞ்சி வெளுத்துக் கெடக்கும், பாதித் தட்டு அப்படியே குப்பைக்குப் போவும். டிசம்பர்ல சில பேருக்கு முன்னாடியே அட்மிஷன் கெடச்சிரும், அதுங்க மட்டும் ரெண்டாவது பீட்சா கேக்கும். மே 1-க்குள்ள எந்தக் காலேஜுன்னு முடிவ சொல்லியாகணும், அன்னிக்கு எல்லாம் அவங்கவங்க சேரப் போற காலேஜ் பேரு போட்ட டீ-ஷர்ட்டோட வரும். அதுக்கப்பறம் ஒருத்தனும் படிக்கிறதில்ல. இந்த சோம்பேறித்தனத்துக்கு சீனியரைட்டிஸ்னு நோய் மாதிரி ஒரு பேரு வேற, வாத்தியாருங்களே சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. நம்மூர்ல மார்ச் மாசப் பரீட்சை முடியற வரைக்கும் மூச்சு விட முடியாது, இங்க அட்மிஷன் மொதல்ல, பரீட்சை அப்பறம்.

என் மகளுக்கு ரெண்டு வருஷம் முந்தி ஒரு நெட்டைப் பையன், தெனமும் சாக்லேட் மில்க் எடுத்துக்கிட்டு அக்கவுண்ட்ல காசு இல்லன்னா "டுமாரோ, மிஸ்"ம்பான். அவன் உயில்ல கடைசி வரி எனக்கு. "லஞ்ச் கவுண்டர் ஆன்ட்டிக்கு, நாளைக்குத் தர்றேன்னு நான் சொன்ன எல்லா நாளைகளையும் விட்டுட்டுப் போறேன்." வெட்டியெடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சேன். எங்க வீட்டுக்காரர் படிச்சுட்டு, "அப்ப காசு வரலயா?"ன்னாரு. வரல. ஆனா இந்த நாட்டுல மொத மொதல்ல ஒருத்தன் உயில்ல என் பேர எழுதிட்டானே.

உயில் இல்லாம இன்னொண்ணு இருக்கு, இயர்புக்ல பட்டம் குடுக்கிறது. யாரு பிற்காலத்துல என்ன ஆவாங்கன்னு புள்ளைங்களே ஓட்டு போட்டு, ஒரு பையன் ஒரு பொண்ணுன்னு எடுத்து ஃபோட்டோவோட போடுவாங்க. பிரசிடென்ட் ஆகக்கூடியவர், டிவி ரியாலிட்டி ஷோவுல மாட்டக்கூடியவர், அம்பது வயசுலயும் இதே ஸ்கூல சுத்திக்கிட்டு இருக்கக்கூடியவர்னு போகும். பிரசிடென்ட் பட்டம் கெடச்ச பொண்ண பத்தி அம்மாகிட்ட சொன்னப்ப அவங்க கொஞ்சம் உஷ்ணமாயிட்டாங்க. துளசேந்திரபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊரு மாதிரி. கமலா ஹாரிஸோட அம்மா வழித் தாத்தா பி.வி.கோபாலனுக்கு அதுதான் பூர்வீகம். 2020-ல ஊரெல்லாம் பேனர், கோயில்ல பூஜை, 2021 ஜனவரில அவங்க வைஸ் பிரசிடென்டா பதவியேத்தப்ப வெடி. 2024-லயும் பூஜைல கொற ஒண்ணும் வைக்கல. "நம்மூரு பேத்திக்கே ஓட்டு போடல, இவங்க எந்தப் பொண்ண ஆக்கிடப் போறாங்க"ன்னு அம்மா இன்னும் அமெரிக்கா மேல வருத்தத்துலதான் இருக்காங்க.

எங்க மகளுக்குக் கெடச்ச பட்டம், தன் கல்யாணத்துக்கே லேட்டா வரக்கூடியவ. பொருத்தந்தான். ஸ்கூல் பஸ்ஸு பின்னாடி அவ ஓடாத நாளு கொறவு.

எனக்கு இதுல ஒரு கொற உண்டு. நானூறு புள்ளைங்க படிக்கிற வகுப்புல பட்டம் முப்பதோ நாப்பதோதான். ஓட்டுன்னா தெரிஞ்ச மூஞ்சிக்குத்தான விழும். மட்டக்களப்புலேர்ந்து பதினொண்ணாவதுல வந்து சேந்த ஒரு பொண்ணு, எங்க வீட்ல வந்து இட்லி சாப்பிடும், நல்லா மிமிக்ரி பண்ணும், பிரின்சிபால் மைக்க ஊதிப் பாக்கிறத அது செஞ்சு காட்டுனா வயிறு புண்ணாயிரும். அது ஸ்கூல்ல வாயே தொறக்கல, அதனால ஒரு பட்டமும் இல்ல. இயர்புக்ல பேரும் படமும் மட்டும். நம்மள பத்தி ஒரு கேலி கூட யாருக்கும் தோணலியேன்னு ஒரு புள்ள நெனைக்கும்ல. என் மக அதோட இயர்புக் பின்னட்டையில அதுக்குன்னே தனியா ஒரு பட்டம் எழுதிக் குடுத்தா. என்ன எழுதுனான்னு எங்கிட்ட காட்டல.

எங்க பேட்ச் 1996. மன்னார்குடியில பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல். ப்ளஸ் ஒன் புள்ளைங்க ஆளுக்கு அஞ்சு ரூபா போட்டு எங்களுக்குப் பிரிவு உபசார விழா வச்சாங்க, சமோசா, ரோஸ்மில்க், பெஞ்சு மேல ஏறி நின்னு குரூப் ஃபோட்டோ. மேடையில பேசுன அத்தன பேரும் எங்களுக்குக் குடுத்தது ரெண்டே எதிர்காலம், டாக்டரு இல்லன்னா கலெக்டரு. நெசமான ஆரூடம் பூரா ஆட்டோகிராஃப் நோட்டுல கலர் பேனாவுல கெடந்துச்சு. நீ வாத்தியாரம்மாவா ஆகி பெரம்பு பத்தாம ஸ்கேலால அடிப்ப. நீ சிங்கப்பூர் மாப்பிள்ளையக் கட்டிக்கிட்டு கோடாலித் தைலம் அனுப்பி வைக்க மறந்துருவ. எனக்கு என் பக்கத்து பெஞ்சுக்காரி எழுதுனது: "நீ எந்த ஊருக்கு வாக்கப்பட்டாலும் உன் கல்யாண வண்டிக்கு நீடாமங்கலம் கேட்டு மூடித்தான் இருக்கும்." தஞ்சாவூர் ரோட்டுல போனவங்களுக்கு இந்த ரயில்வே கேட்ட பத்தி வெளக்கவே வேணாம். ரயில் போயிரும், கேட்டு தெறக்காது, கூட்ஸ் வண்டிய முன்னயும் பின்னயும் இழுத்துக்கிட்டு நிப்பாங்க, பஸ்ஸுல உக்காந்து ஒரு படி கடலை உரிச்சுரலாம்.

கடைசிப் பரீட்சை அன்னிக்கு எல்லாரும் இங்க் தெளிச்சுக்கிட்டோம். வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட செம அடி, ஏன்னா அந்த யூனிஃபார்ம் தாவணி அடுத்த வருஷம் தங்கச்சிக்குப் போக வேண்டியது.

அந்த அமளியிலயெல்லாம் ஒருத்தி இல்ல. வடுவூர் பக்கத்துப் பொண்ணு, கணக்குல என்னைய விட நல்லா போடுவா. தை மாசமே கல்யாணம் முடிச்சு அனுப்பிட்டாங்க, பிராக்டிகலுக்குக் கூட வரல. அவ நோட்டும் இல்ல, அவளுக்கு எழுதுனவங்களும் இல்ல.

2025-ல கிராஜுவேஷன் முடிஞ்ச கையோட மகளக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போனேன். மேட்டூர் ஜூன் 12-லயே தெறந்துட்டாங்க, பாமணி ஆத்துல தண்ணி போயிக்கிட்டு இருந்துச்சு, குறுவை நடவு மும்முரம். மன்னை எக்ஸ்பிரஸ்ல காலையில எறங்குனா ஊரே சேத்து வாசம். எங்க வாட்ஸப் குரூப்புக்காரிங்க ஒருத்தி வீட்டுத் திண்ணையில கூடுனோம். ஒருத்தி ஹெட்மிஸ்ட்ரஸ், ஒருத்தி கிராம செவிலியர், ஒருத்தி ரைஸ்மில் கணக்குப் பாக்குறா, ஒருத்தி கூத்தாநல்லூர்ல வாக்கப்பட்டு சிங்கப்பூர் போயி திரும்பி வந்தவ, கோடாலித் தைலம் நெசமாவே கொண்டு வரல. வடுவூர்க்காரியும் டிவிஎஸ் எக்ஸெல்ல வந்து எறங்குனா, முன்னாடி ஒரு உர மூட்டை. வீட்டுக்காரர் தவறி ரொம்ப வருஷமாச்சு, குத்தகைக்கு எடுத்து அவளேதான் சாகுபடி பாக்குறா.

என் மக உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தவ, ஃபோன எடுத்து, பெரியம்மா, நான் உங்க பேட்சுக்குப் பட்டம் குடுக்கவா, நீங்க உயில் சொல்றீங்களான்னா. அம்பதத் தொடப் போற பொம்பளைங்க, ஒருத்தியாவது வெக்கப்படணுமே. ஹெட்மிஸ்ட்ரஸுக்கு, ரிட்டையர் ஆன மறுநாளும் காலையில பிரேயருக்குப் போயி நிக்கக்கூடியவ. சிங்கப்பூர்க்காரிக்கு, கடைமடைக்குத் தண்ணி வந்தாலும் வாட்ஸப்ல பதில் வராதவ. ரைஸ்மில்காரிக்கு, எந்தக் கல்யாணத்துலயும் மொதப் பந்தியில எலை போடுறதுக்கு முன்னாடியே உக்காந்திருக்கிறவ, அத அவளே கேட்டு வாங்கிக்கிட்டா.

உயில்தான் இன்னும் மோசம். செவிலியர் சொன்னா, கஜா புயல்ல எங்க கொல்லையில விழாம நின்ன ஒத்தத் தென்னமரத்த என் மருமகளுக்கு எழுதி வைக்கிறேன், ஏறிப் பறிக்கிற கூலி அவ பாடு. திண்ணைக்குச் சொந்தக்காரி, ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல இருக்குன்னு நெல் கொள்முதல்ல திருப்பி வுட்டா நாங்க நெல்லக் காயப்போடுற தார் ரோட்டப் பூரா என் ஓரகத்திக்கே குடுத்துர்றேன், இனிமே பஸ்ஸுக்காரங்கிட்ட அவ திட்டு வாங்கட்டும்னா. அது கவர்மென்ட் ரோடுடின்னு ஹெட்மிஸ்ட்ரஸ் ஆட்சேபம் பண்ண, நாப்பது வருஷமா கூட்டுறது நாங்கன்னு இவ பத்து நிமிஷம் சண்ட.

வடுவூர்க்காரி முறை வந்தப்ப என் மக, உங்களுக்கு பட்டம் நான் யோசிச்சு வச்சுட்டேன் பெரியம்மா, எல்லாரும் கணக்கப் பாத்து பயப்படுவாங்க, உங்களப் பாத்து கணக்கு பயப்படும்னா. அவ "ம்ம்"னு ஒரு தலையாட்டு ஆட்டி, டீ டம்ளர கீழ வச்சா. உயில் சொல்லுங்கன்னதும் யோசிக்கவே இல்ல.

"ஒருத்திக்கும் ஒண்ணும் குடுக்கிறதா இல்ல. எல்லாத்தையும் நானே வச்சுக்கப் போறேன்னு போட்டுக்க பாப்பா."

அப்ப அந்த எக்ஸெல்லுன்னு எல்லாரும் ஒரே கூச்சல்.

"அதையுந்தான்"னா, மூட்டைய சரி பண்ணிக்கிட்டு கெளம்பிட்டா, நடவு ஆளுங்க பதினோரு மணி டீக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்களாம்.