கிளைக்குள் கிளை: எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு எடைமேடை, பில், ஸ்டாக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். மாம்பழ சீசனில் கோடில் யாரும் கை வைக்க முடியாது. அதனால் பத்து வருடமாக சப்வெர்ஷனில் (எஸ்விஎன்) கிடந்ததை கிட்டுக்கு மாற்றும் வேலையை செப்டம்பரில்தான் எடுத்தேன். இரண்டுமே கோடில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்ற வரலாற்றைச் சேர்த்து வைக்கும் மென்பொருள்கள்.

அந்த வரலாற்றை மாற்றித் தரும் கிட்-எஸ்விஎன் கருவியிடம் டிரங்க் (முதன்மைப் பிரதி), பிராஞ்சஸ் (அதிலிருந்து பிரித்த கிளைகள்), டேக்ஸ் (பெயரிட்டு வைத்த பதிப்புகள்) என்ற வழக்கமான அமைப்புதான் என்று சொல்லி, ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் முடிந்திருந்தது. நிம்மதி அரை மணி நேரம்தான்.

எங்கள் பிராஞ்சஸ் அடியில் 'ஆலை' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் பர்கூர், சந்தூர், காவேரிப்பட்டணம் என்று ஊருக்கு ஒரு கிளை. சப்வெர்ஷனுக்குக் கிளையும் ஒரு ஃபோல்டர்தான். எத்தனை அடுக்கு வைத்தாலும் கேட்காது. கருவியோ பிராஞ்சஸுக்கு அடுத்த அடுக்கில் இருப்பதைத்தான் கிளை என்று எடுத்துக்கொள்ளும். ஆக, 'ஆலை' என்று ஒரே கிளை, அதற்குள் மூன்று ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் முழு மென்பொருள். பர்கூர் எடைமேடை ஃபைலில் பிளேம் (ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால், பழைய வரிகள் எல்லாவற்றுக்கும் கிளை பிரித்த நாளின் தேதி. டிரங்கில் இருந்த வரலாறு அறுந்துபோயிருந்தது.

சரி என்று, ஆலைக்கு உள்ளே இருப்பவற்றுக்கும் கான்ஃபிக்கில் (கருவியின் அமைப்பு ஃபைல்) ஒரு பிராஞ்சஸ் வரி சேர்த்து முதலிலிருந்து ஓட்டினேன். பாதியில் நின்றது. 'ஆலை' என்று ஒரு கிளை இருக்கும்போது 'ஆலை/பர்கூர்' என்று இன்னொன்றை கிட் விடாது. ஒரே பெயர் ஃபைலாகவும் ஃபோல்டராகவும் இருக்க முடியாதே, அதே கதை. பழைய வரியில் இருந்த நட்சத்திரக் குறி (அந்த அடுக்கில் உள்ள எல்லாம் என்று பொருள்) 'ஆலை'யையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குறியை எடுத்துவிட்டு, நேரடிக் கிளைகளின் பெயர்களை மட்டும் நெளிவு அடைப்புக்குள் கமா போட்டு எழுதினேன். ஆலைக்குத் தனி வரி, அதில் மட்டும் நட்சத்திரம். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது என்று சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான்.

மூன்றாவது ஓட்டம் நடுராத்திரியில் நின்றது. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் லாகின், எஸ்விஎன் லாகின்களுக்கு கிட்டில் என்ன பெயர் என்று சொல்லும் ஆத்தர்ஸ் ஃபைலில் இல்லை. பெயரைச் சேர்த்து ஃபெட்ச் (வரலாற்றை இழுத்து வரும் கட்டளை) கொடுத்தால் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது, நல்லவேளை. எஸ்விஎன் லாகிலிருந்து (மாற்றங்களின் பதிவு) எல்லாப் பெயரையும் முதலிலேயே எடுத்து வைத்திருக்கலாம்.

அப்புறம் ஒவ்வொரு கிளையையும் எஸ்விஎன், கிட் இரண்டு பக்கமும் எடுத்து டிஃப் (வித்தியாசம் காட்டும் கட்டளை) போட்டேன். ஃபைல்கள் எல்லாம் சரி. 'பிரிண்ட்' என்ற ஃபோல்டர் ஒரு பக்கம் மட்டும் இருப்பதாகக் காட்டியது. காலி ஃபோல்டர்தானே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் பர்கூரில் கிட்டிலிருந்து எடுத்துப் போட்ட மறுநாள் காலை ஃபோன்.

"சார், பில் வரலைங்க."

காலி ஃபோல்டரை கிட் வைத்துக்கொள்ளாது. எங்கள் பில் பிடிஎஃப் போய் விழுவது அந்த 'பிரிண்ட்' ஃபோல்டரில்தான். உள்ளே ஒரு வெற்று ஃபைலைப் போட்டு கமிட் செய்தேன் (கிட்டில் பதிந்தேன்). ஊருக்கு ஊர் அதையே செய்தேன்.