நோர்வேக் குசினியில் ஒரு கிழமைச் சாமான்

குடும்பத்தோடு சேர யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்குப் போகிறவர்கள் அங்கே வீட்டில் ஒரு சின்னக் கையேட்டைக் காணக்கூடும். 2024 இன் கடைசியில் அரசாங்கம் வீடு வீடாக அனுப்பியது. கரண்ட், தண்ணீர், கடை எதுவும் இல்லாமல் ஒரு கிழமை சமாளிக்க ஆயத்தமாக இருங்கள் என்கிறது. முன்பு மூன்று நாள் என்றுதான் சொன்னார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தைக் கண்ட எங்கள் சனத்துக்கு வயிறு கலங்கும். சண்டை வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

கையேட்டின் பின்னணி இதுதான். நோர்வே 1949 இலேயே நேட்டோ என்ற இராணுவக் கூட்டணியைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று. ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்ற, அதன் ஒப்பந்தத்தின் 5 ஆம் பிரிவு எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு நாடும் தாக்குதலைச் சமாளிக்கும் தன் தாங்குசக்தியைத் தானும் வளர்க்க வேண்டும் என்ற 3 ஆம் பிரிவைப் பற்றித்தான் ஆட்கள் கதைப்பதில்லை. பனிப்போருக்குப் பிறகு கூட்டணியின் கவனம் பால்கனுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போனது. 2014 இல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்ததும் பார்வை சொந்த எல்லைக்குத் திரும்பியது. 2016 வார்சோ மாநாட்டில் பால்டிக் நாடுகளுக்கும் போலந்துக்கும் நான்கு படையணிகளை அனுப்பத் தீர்மானித்தார்கள்; 2022 இல் அது எட்டானது. அதே மாநாட்டில் மின்சாரம், உணவு, தண்ணீர், ஆஸ்பத்திரி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து தடைப்படாமல் நடக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். 2023 இல் பின்லாந்தும் 2024 இல் சுவீடனும் சேர்ந்தன. 2025 ஹேக் மாநாட்டில், 2035 க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 வீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அதில் 1.5 வீதம் வரை பாலம், வலையமைப்பு, தாங்குசக்தி போன்றவற்றுக்கு.

அந்தத் தாங்குசக்தி தொடங்குவது குசினி அலுமாரியில். ஒவ்வொரு வீடும் ஒரு கிழமை தாக்குப்பிடித்தால், உதவிக்குழுக்கள் முதலில் முதியவர்களிடமும் நோயாளிகளிடமும் போகலாம்.

ஆளுக்கு 20 லீற்றர் தண்ணீர் வேண்டும். ஐந்து பேருக்கு 100 லீற்றர். 20 லீற்றர்க் கலன் 20 கிலோவுக்கு மேல் பாரம்; அம்மம்மா இருக்கிற வீட்டுக்கு 10 லீற்றர்க் கலன்தான் வசதி. பல்கனியில் வைக்காதீர்கள், மாரியில் உறைந்து கலன் வெடிக்கும்.

அரிசி மூட்டை இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அதுதான் பிழை. அங்கே அடுப்பு பெரும்பாலும் மின்சாரம். ஒரு கோப்பை அரிசிக்கு இரண்டு கோப்பை தண்ணீரும் நெருப்பும் வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஊறும் அவல், சத்துமா, ரின்மீன், பேரீச்சம்பழம் வைத்திருங்கள். சின்ன காஸ் அடுப்பு நல்லது, ஆனால் காற்றோட்டம் கட்டாயம். கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டவே கூடாது. மணமில்லாத நச்சுக் காற்று ஆளைக் கொல்லும்.

ஊரிலிருந்து கொண்டுபோகும் எப்எம் றேடியோ உதவாது. நோர்வேயின் தேசிய ஒலிபரப்புகள் 2017 இல் டிஏபி என்ற டிஜிட்டல் முறைக்கு மாறிவிட்டன. பற்றரியில் வேலை செய்யும் டிஏபி றேடியோ வாங்குங்கள். கொஞ்சம் காசும் கையில் இருக்கட்டும், காட் வேலை செய்யாமல் போகலாம். அணுக் கதிர்வீச்சு ஆபத்து வந்தால் போடும் அயடின் குளிசை 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும். அதிகாரிகள் சொன்னால் மட்டுமே போட வேண்டும்.

நோர்வேப் பிரஜையான பிள்ளைக்கு 17 வயதில் இராணுவச் சேவைக்கான கேள்விப்படிவம் வரும். 1997 இலும் பிறகும் பிறந்த பெண்பிள்ளைகளுக்கும் கட்டாயம். எல்லோரையும் எடுப்பதில்லை, ஆனால் பதில் அனுப்பாமல் விடக்கூடாது.

ஜனவரியிலும் ஜூனிலும் இரண்டாவது புதன்கிழமை பகல் 12 மணிக்குச் சோதனைக்காகச் சைரன் ஊதும், கைத்தொலைபேசியும் அலறும். ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று தடவை ஊதினால் 'செய்தியைக் கேளுங்கள்' என்று அர்த்தம். சோதனையில் ஊதுவது அதுதான். ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்துக்குச் சின்னச் சின்ன ஒலியாக அடுத்தடுத்து ஊதினால்தான் பதுங்க வேண்டும். பொம்மருக்குப் பயந்து பங்கருக்குள் ஓடிய தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், முதல்நாள் இரவே சொல்லி வையுங்கள். அன்று பகல் அவர்களைத் தனியாக விடவேண்டாம்.