மே ஹாவ், மைற் ஹாவ்: எங்கள் ஆங்கில வகுப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு எங்கள் ஆங்கில ஆசிரியரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இலக்கணப் புத்தகத்தைத் திறக்காமலே இலக்கணம் படிப்பிப்பார். நான் இன்று இலண்டனில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்வதற்கு அவர் தந்த அடித்தளமே காரணம். அதிலும் ஒரு பாடம் நாள்தோறும் கைகொடுக்கிறது. நடந்துபோன ஒன்றைப் பற்றி 'இப்படி இருந்திருக்கலாம்' என்று ஆங்கிலத்தில் சொல்வது எப்படி என்பதுதான் அது.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் யாழ்தேவி ரயிலை வைத்துத்தான் தொடங்கினார். "மாமா கொழும்பிலயிருந்து வாறன் எண்டவர். ரயில் வந்திட்டுது, மாமாவைக் காணேல்லை. தம்பி, என்ன நினைக்கிறீர்?"

"ரயிலைத் தவறவிட்டிருக்கலாம் சேர்."

"சரி. 'ஹி மே (may) ஹாவ் மிஸ்ட் த ட்ரெயின்.' மைற் (might) எண்டாலும் குட் (could) எண்டாலும் பிழையில்லை. இப்ப மாமா கடைசிப் பெட்டியில இருந்து இறங்கி வாறார். கோட்டை ஸ்ரேசனில ஓடிப்போய்த்தான் ஏறினவராம். இப்ப சொல்லும் பாப்பம்."

தமிழில் அப்போதும் 'தவறவிட்டிருக்கலாம்' என்றே சொல்லலாம். ஆங்கிலத்தில் மே இங்கே நிற்காது, மைற் அல்லது குட் வேண்டும். முடிவு தெரியாத வரைக்கும் மூன்றும் செல்லும், முடிவு தெரிந்ததும் மே வெளியே போய்விடும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார். மாமாவின் பெட்டி விறாந்தையில் இருந்தால் 'மஸ்ற் ஹாவ் கம்'. வந்திருக்கவே ஏலாது என்றால் 'கான்ற் ஹாவ் கம்'. இவை எங்களுக்குச் சுலபமாகவே பிடிபட்டன.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், திரும்பக் கிடைக்காத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பிறகு வகுப்பில் அதைப் பற்றி எழுதச் சொன்னார். புத்தகங்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற பொருளில் ஒருவன் 'த புக்ஸ் மே ஹாவ் பீன் சேவ்ட்' என்று எழுதியிருந்தான். ஆசிரியர் அந்தக் கொப்பியை எடுத்து, மே என்பதை வெட்டிவிட்டு மேலே குட் என்று எழுதினார். "மே எண்டால் இன்னும் எங்கையோ இருக்குதோ எண்டு தேடுற ஆளின்ர கதை. நாங்கள் சாம்பலைப் பாத்தனாங்கள். குட் எண்டால், காப்பாற்ற வழி இருந்தது, ஒருத்தரும் காப்பாற்றேல்லை." அந்த வசனத்தின் கோபம் முழுவதும் குட் என்ற சொல்லில்தான் இருக்கிறது என்று அன்றைக்கு விளங்கியது.

என் தொழிலில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. விசாரணையில் ஒருவர் "அண்டைக்கு அவங்கள் என்னைச் சுட்டிருக்கலாம்" என்கிறார் என்று வையுங்கள். உயிர் தப்பி வந்து எதிரே இருப்பவர் அவர். அங்கே 'மே ஹாவ் ஷொட் மீ' என்று பெயர்த்தால், சுட்டார்களா இல்லையா என்பது அவருக்கே தெரியாததுபோல ஆகிவிடும். 'மைற் ஹாவ்' அல்லது 'குட் ஹாவ்' என்றால்தான் தப்பிய கதை வரும். அதேபோல "தம்பி அங்க போயிருக்கலாம்" என்பதில், போனானா என்று தெரியாதா, போக வசதியிருந்தும் போகவில்லையா என்பது முன்பின் பேச்சில்தான் தெரியும். தெரியாவிட்டால் அனுமதி கேட்டு அவரிடமே விளக்கம் பெறுவேன். ஊகித்துப் பெயர்ப்பது அநியாயம். "நீ எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்று குறைப்படும்போது பெரும்பாலும் குட்தான் வரும்.

இப்போது ஆங்கிலப் பத்திரிகைகளே, நடக்காது போனதென்று தெரிந்த விஷயத்துக்கும் 'மே ஹாவ்' போடுகின்றன. வழக்கு மாறுகிறது என்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தெரியாததற்கும் தெரிந்து இழந்ததற்கும் வேறுபாடு காட்ட ஆங்கிலத்தில் உள்ள வசதியை ஏன் விடவேண்டும்?

இன்னொன்றையும் அவர் விடாமல் சொல்வார். ஹாவ் சேராமல் வரும் 'குட்' என்பது ஒருவருக்குப் பொதுவாக இருந்த திறமைக்கு உரியது: சின்ன வயதில் அப்பு பனை ஏறுவார் என்றால் 'குட் கிளைம்ப்'. ஒரு நாள் ஒரு காரியத்தைச் செய்து முடித்ததைச் சொல்ல 'வொஸ் ஏபிள் ரு' (was able to) வேண்டும். எதிர்மறையில் மட்டும் இரண்டுக்கும் 'குடின்ற்' போதும்.

கல்லூரியில் இன்று ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்துக்கு வரும்போது பாடநூல் வசனங்களோடு நிற்காமல் எங்கள் ஊர்ச் செய்திகளையும் எடுங்கள். வசனங்கள் தேவையென்றால் நான் எழுதி அனுப்பத் தயார்.