சிறு சுரங்க ஆய்வுப் பங்குகள்: எதை முதலில் படிப்பது

தங்கமோ செம்போ லித்தியமோ தேடும் ஒரு சிறு நிறுவனத்தின் கோப்பு மேசைக்கு வந்தால், பலரும் முதலில் விரிப்பது நிலவியல் வரைபடத்தைத்தான். எங்கள் வேலையில் அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறோம். முதலில் காலாண்டு நிதி அறிக்கை, அடுத்து மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை. இந்த நிறுவனங்களுக்கு வருமானம் என்று ஒன்று கிடையாது. தோண்டும் ஒவ்வொரு மீட்டருக்குமான காசு புதுப் பங்கு விற்றுத்தான் வருகிறது. துளையில் ஒன்றும் அகப்படாமல் போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல துளை கிடைத்த பிறகும் பழைய பங்குதாரர் கையில் ஒன்றும் தங்காமல் போகலாம் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நடப்பு மூலதனம், அதாவது செலவழிக்கக் கையிலுள்ள பணம், 9,00,000 கனடிய டாலர். சம்பளம், தணிக்கை, பங்குச்சந்தைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து மாதம் 70,000. அடுத்த திட்டம் 3,000 மீட்டர் துளையிடல். முகாமும் ஆய்வகச் செலவும் சேர்த்து மீட்டருக்கு 250 என்றால் 7,50,000. மிச்சம் 1,50,000, அதாவது இரண்டு மாதச் செலவு. துளையிடும் வாரங்களிலும் சம்பளம் ஓடும்; அதன்பின் ஆய்வக முடிவுக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முடிவு வந்து சேரும் நாளில் கையிருப்பு காலி. அது சுமாராக இருந்தால், கிடைத்த விலைக்குப் பங்கு விற்பதைத் தவிர நிர்வாகத்துக்கு வேறு வழியில்லை.

அந்த விற்பனை பெரும்பாலும் பிரைவேட் பிளேஸ்மென்ட் முறையில் (பொதுச் சந்தையில் அல்லாமல் தேர்ந்தெடுத்த முதலீட்டாளர்களுக்கு நேரடியாக), சந்தை விலையைவிடக் குறைவாக, வாரண்ட்டும் (பின்னர் குறித்த விலைக்குப் புதுப் பங்கு வாங்கும் உரிமை) இணைத்து நடக்கும். 8 கோடி பங்குகள் உள்ள நிறுவனம், பங்கு 10 சென்ட்டில் நிற்கும்போது, 8 சென்ட் வீதம் 20 லட்சம் டாலர் திரட்டினால் 2.5 கோடி புதுப் பங்குகள் வரும். ஒவ்வொன்றுடனும் அரை வாரண்ட் என்றால் இன்னும் 1.25 கோடி. ஊழியர்களுக்குக் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை தரும் ஆப்ஷன்கள் 80 லட்சம் என்று வைத்தால் மொத்தம் 12.55 கோடி. நிறுவனத்தின் மதிப்பைப் பெருக்கிப் பார்க்க வேண்டியது இந்த எண்ணைக் கொண்டுதான். செய்தியறிக்கையில் தென்படும் 8 கோடியைக் கொண்டு அல்ல. கனடாவில் இப்படி வாங்கிய பங்குகளைப் பொதுவாக நான்கு மாதம் விற்க முடியாது. அந்தத் தடை விலகும் தேதியை நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது. வாங்கியவர்களில் பலர் அன்று பங்கை விற்றுவிட்டு வாரண்ட்டை மட்டும் வைத்துக்கொள்வார்கள். 12 சென்ட்டுக்குப் பங்கு வாங்க உரிமை தரும் வாரண்ட் நிறைய இருந்தால், விலை அந்த அளவை நெருங்கும்போதெல்லாம் விற்பவர்கள் வருவார்கள்.

இனி துளை முடிவுகள். '40 மீட்டரில் டன்னுக்கு 2.5 கிராம் தங்கம், இதில் 2 மீட்டரில் 46 கிராம்' என்று தலைப்பு இருந்தால், நீளத்தையும் தரத்தையும் பெருக்கிக் கழித்துப் பார்க்க வேண்டும். மொத்தம் 100 கிராம்-மீட்டர். அந்த 2 மீட்டர் மட்டுமே 92. மீதி 38 மீட்டருக்கு எஞ்சுவது 8. டன்னுக்கு ஏறத்தாழ 0.2 கிராம். ஒரு மெல்லிய நரம்பை (பாறைக்குள் ஓடும் கனிமப் பட்டை) 40 மீட்டருக்கு இழுத்துத் தடவியிருக்கிறார்கள், அவ்வளவுதான். திறந்தவெளிச் சுரங்கத்துக்குக்கூட அந்த மீதிப் பாறை பெரும்பாலும் கழிவாகிவிடும். இதைச் செய்தியறிக்கை பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் முழுப் படமும் அதில் இல்லை.

அடுத்து உண்மை அகலம். துளை நரம்பைச் சாய்வாக வெட்டினால் 10 மீட்டர் நீளம் 4 மீட்டர் தடிமனாகச் சுருங்கலாம். 'உண்மை அகலம் இன்னும் தெரியவில்லை' என்ற வரி முதல் சில துளைகளுக்குச் சரி. முப்பதாவது துளையிலும் அதே வரி வந்தால் நாங்கள் சந்தேகப்படுவோம். துளை எண்களையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். 7, 8, 11 வந்து 9, 10 வராவிட்டால் அவை எங்கே என்று கேட்பது முதலீட்டாளரின் உரிமை. மேற்பரப்பில் பொறுக்கிய கல்லில் 'அதிகபட்சம் 60 கிராம்' என்பதற்கு நாங்கள் மதிப்பே தருவதில்லை. பளபளக்கும் கல்லைத்தான் யாரும் குனிந்து எடுப்பார்கள்.

மாதிரி எடுத்த முறையை ஏன் சோதிக்க வேண்டும் என்பதற்குப் பிரெ-எக்ஸ் விவகாரம் போதும். இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் புசாங் என்ற இடத்தில் மாபெரும் தங்கம் இருப்பதாகச் சொன்ன அந்தக் கனடிய நிறுவனத்தின் சந்தை மதிப்பு ஒரு கட்டத்தில் 600 கோடி கனடிய டாலரைத் தாண்டியது. 1997இல் ஃப்ரீபோர்ட்-மெக்மொரன் என்ற அமெரிக்கச் சுரங்க நிறுவனம் அதே இடங்களில் அருகருகே துளையிட்டபோது சொல்லத்தக்க தங்கம் இல்லை. மாதிரிகளில் வெளித்தங்கம் கலக்கப்பட்டிருந்தது. கோர் எனப்படும் உருளைப் பாறைத் தண்டை நீளவாக்கில் அறுத்துப் பாதியைச் சேமிக்காமல், ஏறத்தாழ முழுவதையும் பொடியாக்கிச் சோதனைக்குக் கொடுத்ததால், மறுபரிசோதனைக்கு அதிகம் மிஞ்சவில்லை. அதன்பின் 2001இல் கனடாவில், சுரங்க நிறுவனங்கள் தகவல் வெளியிடும் முறைக்கான என்ஐ 43-101 விதி வந்தது. பாதிக் கோர் பத்திரமாக இருக்கிறதா, ஆய்வக முடிவைச் சரிபார்க்கத் தங்கமே இல்லாத மாதிரியும் தரம் தெரிந்த மாதிரியும் இடையிடையே நுழைக்கப்பட்டனவா, ஆய்வகம் சுயேச்சையானதா என்ற மூன்றுக்கும் அறிக்கையில் பதில் இருக்க வேண்டும்.

நிலத்தடியில் எவ்வளவு கனிமம் இருக்கிறது என்ற வள மதிப்பீட்டில் 'இன்ஃபர்ட்' (குறைந்த சான்றை வைத்து ஊகித்தது) என்பது மிகத் தளர்வான வகை. பிஇஏ எனப்படும் பூர்வாங்கப் பொருளாதார மதிப்பீட்டில் அதையும் கணக்கில் சேர்க்க அனுமதி உண்டு. சாத்தியக்கூற்று அறிக்கையில் இல்லை. ஆகவே பிஇஏ காட்டும் லாபத்தில் எவ்வளவு இன்ஃபர்ட் டன்களில் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணைப் பயன்படுத்தக்கூடாது. பாறையிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் விகிதம் சோதனையில் வந்ததா, அனுமானமா என்பதும் அதே அளவு முக்கியம். கந்தகக் கனிமத்துக்குள் சிக்கிய தங்கத்தைச் சாதாரண சயனைடு முறையில் முழுதாக எடுக்க முடியாது.

எவ்வளவு வாங்கலாம் என்பதை நம்பிக்கையைக் கொண்டு அல்ல, தினசரி வர்த்தக அளவைக் கொண்டு தீர்மானிக்கிறோம். நாளுக்குச் சராசரி 20,000 பங்குகள் கைமாறும் பங்கில், விலையைக் கெடுக்காமல் அந்த அளவில் 20 சதவீதத்தை விற்கலாம் என்று வைத்தால் நாளுக்கு 4,000. கையில் 2,00,000 இருந்தால் வெளியேற 50 வர்த்தக நாட்கள் ஆகும். மோசமான முடிவு வந்த காலையில் வாங்குபவர் பட்டியலே மறைந்துவிடும் என்பதால், முடிவு வெளியாகுமுன் எத்தனை பங்கு கையில் இருக்க வேண்டும் என்பதை மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகும்போதே முடிவுசெய்து எழுதிவைக்கிறோம்.