பிலிப்பிக்கு முக்கால் மணி நேரம் போதாது

பவுலின் பாதையில் யாத்திரை என்று கிரேக்க நாட்டுக்குக் கூட்டிப் போகிறவர்களில் பலர் ஏதென்ஸுக்கும் கொரிந்துவுக்கும் நாள்கணக்கில் ஒதுக்கிவிட்டு, பிலிப்பிக்கு முக்கால் மணி நேரம் தருகிறார்கள். சிறைச்சாலை முன் ஒரு படம், ஆற்றங்கரையில் ஒரு படம், அதற்குள் "ஏறுங்க, நேரமாச்சு" என்று குரல் வந்துவிடும். பொருத்தனை பண்ணி, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வருகிறவர்களுக்கு இது அநியாயம். ஐரோப்பிய மண்ணில் பவுல் நாட்டிய முதல் சபை இது. பணம் கட்டுவதற்கு முன்பே பயணத் திட்டத்தை வாங்கி, பிலிப்பிக்கு எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். அரை நாளுக்குக் குறைந்தால் வேறு குழுவைப் பாருங்கள்.

தனியாகப் போவதும் கஷ்டமில்லை. தெசலோனிக்கேயிலிருந்து கவாலாவுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கவாலாதான் வேதாகமத்தில் வரும் நெயாப்போலி. முதல் நாள் இரவு அங்கே தங்குவது நல்லது. பவுல் கரையிறங்கியதை நினைவுகூரும் மொசைக் சித்திரம் துறைமுகத்துக்கு அருகே புனித நிக்கொலா ஆலயத்தின் வெளியே இருக்கிறது. சாயங்காலம் அதைப் பார்த்துவிடலாம். (அந்த ஆலயம் 1530-ல் மசூதியாகக் கட்டப்பட்டது.) இன்றைய துருக்கிக் கரையிலுள்ள துரோவாவிலிருந்து இந்தக் கடலை இரண்டே நாளில் கடந்த பவுலின் கூட்டத்தாருக்கு, பிற்பாடு திரும்பிப் போகையில் ஐந்து நாள் பிடித்தது. அப்போஸ்தலர் 16-ஐயும் 20-ஐயும் சேர்த்து வாசித்தால் காற்று எப்போதும் சாதகமாக இல்லை என்பது புரியும்.

மறுநாள் காலை திராமா போகும் பேருந்தில் ஏறினால் 15 கிலோமீட்டரில் பிலிப்பி. கதவு திறக்கும்போதே இடிபாடுகளுக்குள் போய்விடுங்கள். ஆற்றங்கரையைப் பிற்பகலுக்கு வையுங்கள். பலர் மாற்றிச் செய்து அவதிப்படுகிறார்கள். இடிபாடுகளில் நிழலே கிடையாது. ஆற்றங்கரையில் மரங்கள் உண்டு. பத்து மணிக்கு மேல் பெரிய பேருந்துகள் வரிசையாக வந்து நின்றுவிட்டால் சிறைச்சாலை முன் நிற்கவும் இடமிராது. கோடையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள காலணி வேண்டும். பளிங்குக் கற்கள் தேய்ந்து வழுக்கும். எக்னாத்தியா என்ற ரோமர் சாலையில் வண்டிச்சக்கரம் அறுத்த தடங்களில் கணுக்கால் மடங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாடக அரங்கின் படிகளை விட்டுவிடலாம், நஷ்டமில்லை.

நேராகச் சந்தைவெளிக்கு வாருங்கள். சுமார் 100 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உள்ள முற்றம். இன்று காணும் கட்டுமானம் பெரும்பாலும் இரண்டாம் நூற்றாண்டினது. ஆனால் பவுல் காலத்துச் சந்தைவெளியும் இதே இடம்தான். சிறைச்சாலைக்கு ஓடுகிற கூட்டம் இங்கே நிற்பதில்லை. நிற்கவேண்டிய இடம் இதுதான். குறிசொல்லும் பெண்ணை வைத்துச் சம்பாதித்தவர்கள், பவுல் அவளைவிட்டு அந்த ஆவியைத் துரத்தியதால் வருமானம் போன ஆத்திரத்தில் பவுலையும் சீலாவையும் இங்கேதான் இழுத்து வந்தார்கள். அதிகாரிகள் கட்டளையிட, வஸ்திரங்களைக் கிழித்து மிலாறுகளால், அதாவது பிரம்புகளால், அடித்தார்கள். யூதர் கொடுக்கும் அடிக்கு நாற்பதுக்கு ஒன்று குறைய என்று கணக்குண்டு. ரோமர் மிலாறுக்கு அந்தக் கணக்கு இல்லை. "அநேக அடி" என்றே வசனம் சொல்கிறது.

ரோமக் குடியுரிமை உள்ளவனை விசாரிக்காமல் அடிப்பது அவர்களுடைய சட்டத்துக்கே விரோதம். தான் ரோமன் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பவுல் முன்னாலேயே சொல்லியிருந்தால் முதுகு தப்பியிருக்கும். அந்த அமளியில் சொல்ல விட்டார்களோ, சொல்லியும் யாரும் கேட்கவில்லையோ, வசனம் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலம் விடுதலை என்றபோதுதான் அதைச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துப்போகட்டும் என்று நின்றார். அது வீம்பு இல்லை. ஆற்றங்கரையில் பவுல் சொன்னதைக் கேட்டு விசுவாசித்த லீதியாளின் வீட்டில் அப்போதுதான் முளைத்திருந்த சபையின் மேல் நாளைக்கு யாரும் கைவைக்கத் துணியாதபடி போட்ட வேலி என்றே அதைக் கொள்ளவேண்டும்.

சிறைச்சாலை என்று காட்டப்படுவது உண்மையில் ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி. பிற்காலத்து விசுவாசிகள் அதை ஆராதனை இடமாக்கினார்கள். சுவரில் பழைய சித்திரங்களின் சுவடு உண்டு. வழிகாட்டிகள் பலர் தொட்டி என்பதைச் சொல்வதில்லை. தெரிந்துகொண்டு நின்றாலும் மனசு அசையாமலிருக்காது. நடுராத்திரி, இரத்தம் கட்டிய முதுகு சுவரில் சாயமுடியாது, கால்கள் தொழுமரத்தில். காயத்தைக் கழுவ ஆளில்லை. அடைத்த சிறைச்சாலைக்காரனே பிறகு வந்து கழுவினான். அந்த நிலையில்தான் பாடினார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு பாமாலைப் பாட்டை மெல்லப் பாடலாம். ஒலிபெருக்கி வேண்டாமே. பின்னால் நிற்கிற குழுவும் ஜெபிக்கத்தான் வந்திருக்கிறது.

எண்கோண ஆலயத்தின் அடியில் கிடைத்த மொசைக் தரையைத் தவறவிடாதீர்கள். "பவுலின்" ஆலயம் என்றும், பொர்ஃபிரியோஸ் என்ற பேராயர் அதைச் செய்வித்தார் என்றும் கிரேக்கத்தில் பொறித்திருக்கிறது. அவர் நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சார்திக்காவில் (இன்றைய சோபியா) கூடிய பேராயர்களின் ஆலோசனைச் சங்கத்துக்குப் போனவர். சிறிய எழுத்துக்கட்டம்தான். தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

பிற்பகலில் லீதியாளின் ஆறு. ஞானஸ்நானம் எடுக்க விரும்புகிறவர்கள் அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வேளையில் குறுக்கே போகக்கூடாது. தண்ணீர் குளிரும், கற்களில் பாசி. மாற்றுத்துணி, துண்டு அவசியம். ஆலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும்.

கரையில் உட்கார்ந்து பிலிப்பியர் நிருபத்தை வாய்விட்டு வாசியுங்கள். நான்கே அதிகாரம், 104 வசனம், கால் மணி நேரம். எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் மனஸ்தாபம் இருந்த சபைதான்; எல்லாம் நம் சபைகளில் நடப்பதுதான். பிற்பாடு வாலென்ஸ் என்ற மூப்பர் பண ஆசையில் விழுந்தபோது, ஸ்மிர்னாவின் பேராயர் பொலிகார்ப் இவர்களுக்கு எழுதினார்: அவரையும் அவர் மனைவியையும் சத்துருக்களாக எண்ணாமல் திரும்ப அழையுங்கள் என்று. ஆனாலும் கொடிய தரித்திரத்தில் கொடுத்தவர்கள் இந்த மக்கெதோனியர். தெசலோனிக்கேயில் பவுல் இருந்தபோது இரண்டொரு தரம் அனுப்பினார்கள். காவலில் கிடந்தபோது எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பினார்கள். அவன் சாகுமளவுக்கு வியாதிப்பட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தான். அந்தக் காணிக்கைக்கு நன்றி சொல்ல எழுதின நிருபம் அல்லவா இன்று நம் வேதாகமத்தில் இருக்கிறது! முதுகைக் கொடுத்தவர்களுக்காகவும், காசைக் கொடுத்தவர்களுக்காகவும், வீட்டைத் திறந்த லீதியாளுக்காகவும், பேர் தெரியாத அந்தச் சிறைச்சாலைக்காரனின் வீட்டாருக்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.