சம்பளக் காசு ரிட்டர்ன் ஆனா முதல்ல காரணத்தக் கேளுங்க

போன மாசம் எங்க ஆள்கள் சில பேரோட சம்பளம் பேங்க்ல இருந்து ரிட்டர்ன் ஆகி வந்து, அது ஏன் வந்ததுனு கண்டுபிடிக்கிறதுக்குள்ள பட்ட பாடு இருக்கே, அத இப்ப நினைச்சாலும் கோவம் வருது. இதே மாதிரி வேற கொம்பனியில கணக்கு பாக்குறவங்களுக்கும் நடக்கும்னு தெரியும், அதனால எழுதுறேன்.

நான் புறக்கோட்டையில ஒரு துணி ஹோல்சேல் கொம்பனியில கணக்கு பாக்குறேன். கடை கெய்சர் வீதிப் பக்கம், ஸ்டோர் வத்தளையில. வேலை செய்றவங்க ஹட்டன், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கொழும்புனு எல்லா இடத்துலயும் இருந்து வந்தவங்க, ஆளுக்கொரு பேங்க், ஆளுக்கொரு ப்ராஞ்ச். சம்பளம் ஸ்லிப்ஸ்ல, அதாவது எங்க பேங்க்ல இருந்து மத்த பேங்குகளுக்கு ஒரே ஃபைல்ல காசு அனுப்புற முறையில தான் போடுறோம். ஃபைல் ஏத்தினது, டைரக்டர்மார் அப்ரூவ் பண்ணினது எல்லாம் வழக்கம் போல முடிஞ்சது. அடுத்த நாள் போயா, பௌர்ணமி லீவு, பேங்க் இல்ல. போயா முடிஞ்சு காலையில வந்து இருக்கக்குள்ளயே கோல் வர ஆரம்பிச்சிட்டு, "மிஸ், எல்லாருக்கும் விழுந்திருக்கு, எனக்கு மட்டும் விழல்ல". ஸ்டேட்மண்ட்ட திறந்து பாத்தா ஸ்லிப்ஸ் ரிட்டர்ன்னு ஒரே ஒரு வரி, ஒரே ஒரு தொகை. யாரோட காசு, எந்த பேங்க்ல இருந்து வந்தது, ஏன் வந்தது, ஒண்ணுமே இல்ல. அந்தத் தொகை எந்த ஒருத்தரோட சம்பளத்தோடயும் ஒத்துப் போகல, ஏன்னா பல பேரோட காச ஒண்ணா கூட்டிப் போட்டிருக்காங்க. சம்பள லிஸ்ட்ட கையில வச்சிக்கிட்டு எந்த எந்த தொகைய கூட்டினா இது வரும்னு நான் கல்குலேட்டர்ல தட்டிக்கிட்டு இருந்தேன், இது ஒரு கணக்குக்காரி செய்ய வேண்டிய வேலையா?

எங்க பேங்க் ப்ராஞ்சுக்கு போனேன். கவுண்டர்ல இருந்த தம்பி ஸ்க்ரீன பாத்திட்டு, "மிஸ், இது மத்த பேங்க் திருப்பி அனுப்பினது, அங்க தான் கேக்கணும்"னார். சரினு அந்த மத்த பேங்க்ல ஒண்டுக்கு போனா அவங்க, "நீங்க எங்க கஸ்டமர் இல்லையே, எக்கவுண்ட் ஹோல்டர் ஐடென்டிட்டி கார்டோட வந்தா தான் சொல்லலாம்"னாங்க. அவங்க சொன்னதுல பிழை இல்ல, வேற ஒருத்தரோட எக்கவுண்ட் விசயத்த எனக்குச் சொல்லக் கூடாது தான். ஆனா அந்த எக்கவுண்ட் ஹோல்டர் வத்தளையில ஸ்டோர்ல மூட்டை இறக்கிக்கிட்டு இருக்கார், அவரோட ப்ராஞ்ச் ஹட்டன்ல இருக்கு. அவர் அரை நாள் லீவு போட்டு கொழும்பு ப்ராஞ்ச் ஒண்ணுக்கு போனா, "உங்க பேர்ல எங்களுக்கு ஒண்ணும் வரல்லயே"னு அனுப்பிட்டாங்க. பாவம், சம்பளமும் இல்ல, அரை நாளும் போச்சு.

திரும்ப எங்க பேங்க். இந்த முறை வேற ஒரு மிஸ், லெட்டர்ஹெட்ல ரிகுவெஸ்ட் லெட்டர் வேணும், டைரக்டர் சைன், கொம்பனி சீல் வேணும்னாங்க. சைன் பண்ற டைரக்டர் சரக்கு எடுக்க சென்னைக்கு போயிருக்கார். மத்தவர் சைன் பண்ணிக் குடுத்தா, "மேண்டேட்ல ரெண்டு பேர் சேர்ந்து சைன் பண்ணணும்னு இருக்கு"னு திருப்பிட்டாங்க. எங்களோட காசு, எங்களோட ஸ்டேட்மண்ட்ல வந்த வரி, அது என்னனு கேக்குறதுக்கு இவ்வளவு. முதல் நாளே இந்த லெட்டர் விசயத்த சொல்லியிருந்தா டைரக்டர் ஃப்ளைட் ஏற முன்னாடியே சைன் வாங்கியிருப்பேன்.

கடைசியில அந்த ப்ராஞ்ச்லயே உள்ளுக்க இருக்கிற, வயசான ஒரு ஒபிசர் தான் உதவினார். நான் கவுண்டர்ல கொஞ்சம் சத்தமா பேசினது கேட்டிருக்கும் போல. உள்ளுக்கு கூப்பிட்டு உக்கார வச்சு, லெட்டரெல்லாம் பிறகு தாங்க மகள்னு சொல்லிட்டு ஸ்க்ரீன எங்க பக்கம் திருப்பினார். ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் நேர ஒரு கோட் நம்பர், அதுக்கு பக்கத்துல காரணம். எக்கவுண்ட் மூடியாச்சு, இந்த நம்பர்ல எக்கவுண்ட் இல்ல, இப்படி. அத பாத்த உடனே எனக்கு சந்தோசமும் வந்தது, அதை விட ரெண்டு மடங்கு கோவமும் வந்தது. காரணம் அங்கயே இருந்திருக்கு! முதல் நாள் காலையில நான் கவுண்டர்ல நிக்கக்குள்ளயே இருந்திருக்கு!

அவர் விளங்கப்படுத்தினது இது தான், எல்லாரும் தெரிஞ்சு வச்சிக்கங்க. நாங்க ஏத்துற ஃபைல் எங்க பேங்க்ல இருந்து லங்காபேக்கு போகுது, பேங்குகளுக்கு நடுவுல காச மாத்தி விடுற கொம்பனி அது, முன்ன லங்காக்ளியர்னு இருந்தது, அங்க இருந்து பிரிச்சு ஒவ்வொரு பேங்குக்கும் போகுது. வாங்குற பேங்க் அந்த எக்கவுண்டுக்கு போட ஏலாதுனா அதே வழியில திருப்பி அனுப்பும், அனுப்பக்குள்ள சும்மா அனுப்ப ஏலாது, காரணத்துக்கான கோட் போட்டுத் தான் அனுப்பும். ஸ்லிப்ஸ் 1993ல தொடங்கினது, 2010ல இருந்து ஒன்லைன்ல அதே நாள்ல செட்டில் ஆகுது, இந்த கோட் போடுறது எல்லாம் புதுசா வந்த விசயம் இல்ல. ஆக காரணம் எங்க பேங்க்ட்ட இருக்கு. "மத்த பேங்க்ல கேளுங்க"னு சொன்னா போகாதீங்க, அங்கயே நின்னு "ரிட்டர்ன் ரிப்போர்ட்ட ரீசன் கோடோட தாங்க"னு கேளுங்க. இந்த ஒரு வசனம் தெரியாததால தான் அவ்வளவு அலைச்சல்.

எங்க கேஸ்ல காரணம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஹட்டன் ஆள் ஊர் எக்கவுண்ட்ட மூடிட்டு வத்தளையில புதுசா திறந்திருக்கார், ஒபிசுக்கு சொல்லல, சொல்லணும்னு அவருக்கு யாரும் சொல்லவும் இல்ல. இன்னொருத்தரோட எக்கவுண்ட் கனகாலம் பாவிக்காம விட்டு டோர்மன்ட் ஆகிட்டு, அதுக்கு அவர் ஐடென்டிட்டி கார்டோட போய் எழுதிக் குடுத்து தான் திரும்ப உயிர்ப்பிக்கணும். மூணாவது தான் நான் மறக்க மாட்டேன். புதுசா சேர்ந்த பிள்ளை, ஏஜென்சி அனுப்பின லிஸ்ட்ல எக்கவுண்ட் நம்பர்னு இருந்த இடத்துல அவளோட ஐடென்டிட்டி கார்ட் நம்பர் இருக்கு. 2016ல இருந்து வர்ற புது ஐடென்டிட்டி கார்ட்ல 12 இலக்கம், ஸ்லிப்ஸ் ஃபைல்ல எக்கவுண்ட் நம்பருக்கு இருக்கிறதும் 12 இலக்கம், அதனால சிஸ்டம் ஒரு சத்தமும் போடாம ஏத்திக்கிட்டு. இப்ப நான் லிஸ்ட் வந்தா முதல்ல பாக்குறதே இது தான், எக்கவுண்ட் நம்பர் 19 இல்லாட்டி 20ல தொடங்கி பிறந்த வருஷம் மாதிரி தெரிஞ்சா உடனே ஆளக் கூப்பிட்டு கேட்டுடுவேன்.

இந்த 12 இலக்கத்துலயே இன்னும் பிரச்சினை இருக்கு. சில பேங்க்ல நம்பர் சின்னது, முன்னுக்கு பூச்சியம் போட்டு நிரப்பணும். சில பேங்க்ல 15 இலக்கம் வரும், அதுல முதல் மூணு ப்ராஞ்ச் கோட், அத ப்ராஞ்ச் கோட் கட்டத்துல போட்டிட்டு மிச்சத்த மட்டும் எக்கவுண்ட் கட்டத்துல போடணும். ஒவ்வொரு பேங்குக்கும் நாலு இலக்க கோட் இருக்கு, இலங்கை வங்கி 7010, மக்கள் வங்கி 7135, கொமர்ஷல் 7056, ஹட்டன் நெஷனல் 7083, சம்பத் 7278, இத எல்லாம் பாத்துப் பாத்து பாடமாகிடும், ஆனா ப்ராஞ்ச் கோட் பாடமாகாது, பேங்க் குடுக்கிற லிஸ்ட்ட பாத்துத் தான் போடணும். 2015ல டிஎஃப்சிசியும் வர்தனாவும் ஒண்ணாகின மாதிரி ரெண்டு பேங்க் ஒண்ணாகினா பழைய கோட்டும் மாறலாம், அதனால வருஷக்கணக்கா தொடாம வச்சிருக்கிற லிஸ்ட்ட நம்பவே வேணாம்.

எக்ஸெல் பாவிக்கிறவங்க தயவு செஞ்சு இத வாசிங்க. எக்கவுண்ட் நம்பர் இருக்கிற கட்டத்த டெக்ஸ்ட்னு மாத்தாம நம்பர் அடிச்சா முன்னுக்கு இருக்கிற பூச்சியத்த அது தானா சாப்பிட்டிரும். நீளமான நம்பர்னா ஈ ப்ளஸ்னு சுருக்கிக் காட்டும், அப்படியே சிஎஸ்வியா, அதாவது கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைலா சேவ் பண்ணினா பின்னுக்கு இருந்த இலக்கம் எல்லாம் போயிரும், திரும்ப எடுக்க வழியே இல்ல. 15 இலக்கத்துக்கு மேல போனா மிச்சத்த பூச்சியமா மாத்தி வச்சிரும். சிஎஸ்விய சும்மா பாக்குறதுக்குனு டபுள் கிளிக் பண்ணி திறந்து சேவ் பண்ணினாலும் இதே கதி. பாக்கணும்னா நோட்பேட்ல பாருங்க.

இன்னொண்ணு, ஃபைல்ல ரெஃபரன்ஸ்னு ஒரு சின்ன இடம் இருக்கு, 15 எழுத்து தான் கொள்ளும். எல்லாருக்கும் "சம்பளம்"னு ஒரே சொல்லப் போடாம அதுல ஆளோட ஊழியர் நம்பரப் போடுங்க. ரிட்டர்ன் வரக்குள்ள அந்த ரெஃபரன்ஸும் சேர்ந்து தான் வரும், ரிப்போர்ட்ட பாத்த உடனே யாருனு தெரிஞ்சிரும், கல்குலேட்டரோட மல்லுக்கட்டத் தேவையில்ல.

இதெல்லாம் சொல்லிட்டு ஒண்ணு சொல்லணும், ரிட்டர்ன் வந்தா அது ஒரு வகையில நல்லது தான். நாலாம் குறுக்குத் தெருவுல தெரிஞ்ச ஒரு கடையில சப்ளையருக்கு அனுப்பின காசு ஒரு இலக்கம் மாறி, அந்த நம்பர்ல உண்மையாவே வேற ஒருத்தருக்கு எக்கவுண்ட் இருந்து, அங்க போய் விழுந்திட்டு. இங்க காசு போறது நம்பர பாத்துத் தான், பேர பாத்து இல்ல. நீங்க பேர சரியா அடிச்சாலும் நம்பர் யாரோடதோ அவருக்குத் தான் போகும். அப்படி விழுந்தா ரிட்டர்னே வராது. எங்க பேங்க் அந்த பேங்குக்கு எழுதணும், அந்த பேங்க் அவங்க கஸ்டமர்ட்ட சம்மதம் கேக்கணும், அவர் ஓம்னு சொன்னா தான் காசு திரும்பும். அந்த முதலாளி இன்னும் நடந்துக்கிட்டு இருக்கார்.

அதனால புது எக்கவுண்டுனா நான் இப்ப முதல்ல ஒரு சின்ன தொகைய செஃப்ட்ஸ்ல, அதாவது ஒரு பேங்க்ல இருந்து இன்னொரு பேங்குக்கு உடனுக்குடன் காசு அனுப்புற முறையில அனுப்பிப் பாக்குறேன். அது உடனே போகும், போயா, ஞாயிறு எதுவும் இல்ல. அனுப்பிட்டு ஆளுக்கு கோல் எடுத்து எவ்வளவு விழுந்ததுனு அவர் வாயால கேக்குறேன், "விழுந்ததா?"னு கேக்கக் கூடாது, எவ்வளவுனு கேக்கணும். பாஸ்புக் முதல் பக்கத்த ஃபோட்டோ எடுத்து தரச் சொல்றேன், கையால எழுதின துண்டு எடுக்கிறதில்ல. சப்ளையர் எக்கவுண்ட் மாறிட்டுனு வாட்ஸ்அப்லயோ ஈமெயில்லயோ வந்தா, அந்த மெசேஜ்ல இருக்கிற நம்பருக்கு இல்ல, எங்ககிட்ட முந்தியே இருக்கிற நம்பருக்கு கோல் எடுத்து கேட்ட பிறகு தான் மாத்துறது. இத முதலாளியே அவசரப்படுத்தினாலும் நான் விட மாட்டேன்.

செஃப்ட்ஸ்ல ஒரு ஆபத்து இருக்கு. சில நேரம் ஸ்க்ரீன் சுத்திக்கிட்டே இருந்து டைம் அவுட்னு வரும், காசு போனதா இல்லையானு தெரியாது. அந்த நேரம் பதட்டத்துல திரும்ப அனுப்பாதீங்க, ரெண்டு முறையும் போயிரும். ஸ்டேட்மண்ட்ல கழிஞ்சதா, திரும்ப வந்ததானு பாத்து, அந்தப் பக்கம் ஆள்ட்டயும் கேட்டு, பேங்குக்கும் ட்ரான்செக்ஷன் நம்பர சொல்லி உறுதிப்படுத்தின பிறகு தான். ஸ்லிப்ஸ் ரிட்டர்னும் இதே தான், காரணம் தெரியாம அதே நம்பருக்கு திரும்ப அனுப்பினா திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் நாள் போகும், சம்பளம் இல்லாம நிக்கிறது அந்த மனுசன்.

போயாவுக்கும் வெசாக்குக்கும் சித்திரை வருஷத்துக்கும் முன்னாடி சம்பளம் போடுறவங்க ரெண்டு வேலை நாளாவது முந்தி ஃபைல ஏத்துங்க. ஸ்லிப்ஸ் பேங்க் லீவுல ஓடாது, ரிட்டர்ன் வந்தாலும் அடுத்த வேலை நாள்ல தான் தெரியும், அதுக்குள்ள ஆள்கள் ஊருக்கு பஸ் ஏறிடுவாங்க, வெறுங்கையோட.

பேங்க் காரணம் சொல்லவே மாட்டேங்குதுனா முதல்ல எழுத்துல கம்ப்ளைன்ட் குடுத்து, குடுத்ததுக்கு கொப்பியில சீல் வாங்கி வச்சிக்கங்க. பதில் சரியில்லனா மத்திய வங்கியில இதுக்குனே ஒரு பிரிவு இருக்கு, நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், ஹொட்லைன் 1935. பேங்க்ல முதல்ல குடுத்த கம்ப்ளைன்ட்ட கேப்பாங்க, அதனால தான் அந்த கொப்பி. எனக்கு அது வரைக்கும் போக வேண்டி வரல்ல, அந்த ஒபிசர் புண்ணியத்துல.

அவரே தான் இன்னொண்ணும் சொன்னார், ரிட்டர்ன் ரிப்போர்ட்ட ஒவ்வொரு நாளும் ஈமெயில்ல அனுப்பச் சொல்லி கொம்பனி எழுதிக் கேக்கலாமாம். எங்க பேங்க்ல அதுக்கு ஒரு ஃபோர்ம் இருக்கு, கேட்டா தான் தருவாங்க, கவுண்டர்ல வைக்கிறதில்ல. ரெண்டு டைரக்டரும் சைன் பண்ணி குடுத்தாச்சு, இந்த மாசத்துல இருந்து வருது, காலையில எட்டரைக்கு மெயில திறந்தா ஊழியர் நம்பர், தொகை, காரணம் மூணும் ஒரே வரியில இருக்கு.