வலையை எழுதாதீர்கள், கிழமையை எழுதுங்கள்

கோபம் இன்னும் முழுக்க ஆறவில்லை. இருந்தாலும் எங்கள் வலையை அறுத்த ஒரு விசைப்படகுக்கு மானிய டீசலை நிறுத்த வைக்கிற வரை கொண்டுபோய்விட்டோம் என்பதால் எழுதுகிறேன். பாக் நீரிணைக் கரையில் நாட்டுப்படகு வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

கிழமைக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். திங்கள், புதன், சனி விசைப்படகு. மற்ற நாட்கள் நாம். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி (படகு பின்னால் இழுத்துப் போகும் பை போன்ற வலை) இழுக்கக் கூடாது என்பதும் தெரியும். ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு இறால் நன்றாகப் படும். பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடப்பது இருட்டினால்தான் வெளியே வரும். மடிக்காரர்களும் அதே நேரம் பார்த்துத்தான் கரையை ஒட்டி வருவார்கள். ஒரு வியாழக்கிழமை ராத்திரி எங்கள் இறால் வலை மேல் அப்படி ஒரு படகு ஏறி இழுத்துக்கொண்டு போனது.

டார்ச் அடித்து போனில் படம் எடுத்தோம். படகின் பதிவெண்ணில் 'எம்.எம்.' தெரிந்தது, அதற்கு அடுத்த எண்களும் தெரிந்தன. கடைசி இலக்கத்தை மட்டும் பக்கவாட்டில் கட்டியிருந்த பழைய டயர் மறைத்துவிட்டது. அந்த ஒரு டயரால் பட்ட பாடு கொஞ்சமில்லை.

காலையில் காவல் நிலையம். "கடல்ல நடந்ததுன்னா மெரைனுக்குப் போங்க." மெரைனில், அதாவது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் நிலையத்தில், மரியாதையாக உட்கார வைத்தார்கள், டீ கூட வந்தது. ஆனால் பதில், "வலை விவகாரம் மீன்வளத்துறைதான் பார்க்கணும்." மீன்வள அலுவலகத்தில் எழுத்தர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "படகு நம்பர் முழுசா இல்லையே? சரி, வலைக்கு பில் இருக்கா?"

வலைக்கு ஏது பில்? தங்கூசி (நைலான் நரம்பு) ஒரு கடையில் கிலோக் கணக்கில் வாங்குகிறோம், கயிறு வேறு கடை, மிதப்பும் ஈயமும் இன்னொரு இடம். கோத்துக் கட்டுவது வீட்டுத் திண்ணையில், அம்மாவும் வீட்டுக்காரியும் சேர்ந்து. கடைக்காரர் எழுதித் தந்த துண்டுச்சீட்டைக் காட்டினேன். ஜிஎஸ்டி எண் இல்லாத சீட்டு செல்லாதாம். அதிகாரியைப் பார்க்கலாம் என்றால் அவர் சென்னையில் மீட்டிங். அடுத்து போனபோது ஆய்வுக்குப் போயிருந்தார். நடுவில் தொழிலுக்குப் போகாத நாட்களின் நஷ்டத்தை யாரிடம் மனுவாகக் கொடுப்பது?

எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், இந்த மாதிரி விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். மனுவை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "மாப்ள, வலையை எழுதினா அது உன் நஷ்டம். ஊர் முழுக்கச் சுத்த விடுவாங்க. கிழமையை எழுது, அது அவங்க வேலை. தட்டிக் கழிக்க முடியாது."

புது மனுவில் வலையைக் கடைசிப் பத்திக்குத் தள்ளினோம். முதல் வரியிலேயே, விசைப்படகுகளுக்கு அனுமதி டோக்கன் கொடுக்காத வியாழக்கிழமை இரவு, 5 கடல் மைலுக்குள், இந்த இடத்தில் இழுவைமடி இழுக்கப்பட்டது என்று எழுதினோம். 1983-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பெயரையும் சேர்த்தோம். ஜிபிஎஸ் கருவியில் இருந்த இடக்குறிப்பை அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். "கரைப்பக்கம்", "விளக்குத் தெரியும் தூரம்" என்றெல்லாம் எழுதினால் அங்கேயே முடிந்தது. 5 கடல் மைல் என்பது 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். உள்ளேயா வெளியேயா என்று சண்டை வரும்போது அந்த எண்கள்தான் பேசும்.

இதை அலுவலகத்தில் கொடுக்காமல், ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். அங்கே மனுவுக்கு எண் போட்டுத் தருவார்கள். எண் விழுந்ததும் அதே எழுத்தர் "அண்ணே, உக்காருங்க" என்றார்.

டயர் மறைத்த எண்ணுக்குப் பொருந்தக்கூடிய படகுகளைத் துறையே எடுத்தது. படத்தில் இருந்த வீல்ஹவுஸ் பெயிண்டை வைத்து ஒன்றில் வந்து நின்றது. ஆய்வாளர் ஜெட்டிக்கே போய் மடியை இறக்கச் சொன்னார். நாங்களும் போனோம். மடியின் வால் பகுதியில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அவர் கண்ணியை விரித்து ஸ்கேலை வைத்தார், பாதிதான் இருந்தது. இன்னொரு இடத்திலும் வைத்தார். அதே கதை. "நனைஞ்சா சுருங்கிடும் சார்" என்றார் படகுக்காரர். பிளாஸ்டிக் நூல் எங்கே தண்ணீர் குடித்துச் சுருங்கும்! ஆய்வாளரே சிரித்துவிட்டார்.

ஆனால் கிழமைக்கு அவர் சொன்ன சாக்கு கெட்டிக்காரத்தனமானது. புதன்கிழமை டோக்கன் வாங்கிப் போன படகு, வழியில் இன்ஜின் கோளாறு, வியாழன் ராத்திரிதான் மெதுவாகத் திரும்பினோம் என்றார். புதன் டோக்கன் பதிவேட்டிலும் இருந்தது. எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

காப்பாற்றியது இறால்தான். அந்தப் படகு வியாழன் காலையிலேயே கரைக்கு வந்து கம்பெனிக்கு இறால் போட்டிருந்தது. எடை போடும் இடத்தில் எங்களுக்குத் தெரிந்த பையன் ஒருவன் சொன்னான். ஆய்வாளர் ஏஜெண்டின் நோட்டைக் கேட்டு வாங்கினார். தேதி, படகு, கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால்) வாரியாக எடை, எல்லாம் இருந்தது. காலையில் இறால் விற்ற படகுக்கு ராத்திரி கடலில் எப்படி இன்ஜின் கோளாறு? படகுக்காரர் அதற்கு அப்புறம் வாயே திறக்கவில்லை.

இனிமேல் இப்படி நடந்தால் கடலில் இருக்கும்போதே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்குப் போன் போடுங்கள். ஆள் வருகிறார்களோ இல்லையோ, சொன்ன நேரத்துக்கு ஒரு சாட்சி கிடைக்கும். அறுந்த வலையை உடனே பிரித்து ஈயத்தைக் கழற்றி எடுத்துவிடாதீர்கள். மேல்கயிறு இழுபட்டு, மிதப்பு உருவிப் போன நிலையிலேயே ஆய்வாளர் பார்க்கட்டும். பாறையில் மாட்டிய வலை அப்படிக் கிழியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

விசாரணை நடந்து அபராதம் போட்டார்கள். மானிய டீசலும் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தப்பட்டது. அபராதப் பணம் அரசுக்குப் போகும், நமக்கு ஒரு பைசா வராது. இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். வலைக்கான பணம் இரண்டு சங்கமும் உட்கார்ந்து பேசித்தான் வந்தது, அதுவும் பாதி. டீசல் நின்ற பிறகுதான் அவர்கள் பேச்சுக்கே வந்தார்கள். மீதியைச் சனிக்கிழமை மீன்பாடு வந்ததும் தருகிறேன் என்று படகுக்காரர் சொல்லியிருக்கிறார். எந்தச் சனிக்கிழமை என்று எழுதி வாங்கவில்லையே என்று பெரியவர் இப்போதும் திட்டிக்கொண்டிருக்கிறார்.